அரைச் சாண் தண்ணீர்: மாங்குளத்தில் ஒரு சீபாப் மெசினோடு பதினொரு மாதம்

நித்திரையில் மூச்சு அடைபடாமல் இருக்க மாஸ்க் வழியே காற்று ஊதுகிற சீபாப் (CPAP) மெசின் வந்த அன்று இரவு இரண்டு மணிக்கு மாஸ்க்கைக் கழற்றிச் சுவரில் எறிந்தேன். அதுதான் இதைப் பற்றி நான் முதன்முதலில் சொன்ன அபிப்பிராயம். இப்போது இது இல்லாமல் ஒரு கலியாண வீட்டில் இரவு தங்கவும் மனம் வருவதில்லை. மெசின் அதே மெசின். உள்ளே நாலைந்து எண்களை மாற்றினோம், மாஸ்க்கை மாற்றினோம், அவ்வளவுதான். அந்த எண்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு 54 வயது. ஏ9 வீதியிலிருந்து முல்லைத்தீவு வீதி பிரிகிற சந்திக்குக் கிட்ட, பம்பு திருத்தி மோட்டர் சுற்றிக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். மல்லாவி, துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கத்துத் தோட்டக்காரரின் பம்புகள் கோடை முழுக்க என் வாசலில் கிடக்கும். ஆகவே அமுக்கம், ஒழுக்கு என்று கதை வந்தால் எனக்கும் சொல்ல ஏதாவது இருக்கும். வைத்தியம் எனக்குத் தெரியாது. இது என் உடம்பில் நடந்த கதை.

குறட்டை எனக்குப் பரம்பரைச் சொத்து. 2009இல் செட்டிகுளம் முகாமில் இருந்தபோது பக்கத்துக் கூடாரத்துக்காரர் ஒருநாள் விடியப்புறம் வந்து, “அண்ணை, செல்லடிக்குள்ளயும் நித்திரை கொண்டனான், உங்கட சத்தத்துக்குள்ள ஏலாமக் கிடக்கு” என்றார். அந்த இடத்தில் சிரிக்கக் கிடைத்த ஒன்றிரண்டில் அதுவும் ஒன்று. குறட்டை விட்டால் ஆழ்ந்த நித்திரை என்றுதான் என் அம்மாவும் சொல்லுவா. மனுசிதான் வேறொன்றைக் கவனித்தாள். குறட்டை திடீரென்று நிற்குமாம். அவள் இருட்டுக்குள் எண்ணுவாளாம். இருபத்தைந்து வரைக்கும் எண்ணின இரவும் உண்டாம். பிறகு எருமை மூசுகிற மாதிரி ஒரு இழுப்பு. “நீங்கள் திருப்பி மூச்சு விடுமட்டும் நானும் விடுறேல்லை” என்றாள். நான் அதையும் பகிடியாகத்தான் எடுத்தேன். ஒருநாள் பட்டப்பகலில் கடையில் சோல்டர் அயனைப் பிடித்தபடியே நித்திரையாகி முழங்காலில் சுட்டுக்கொண்ட பிறகுதான் யாழ்ப்பாணத்தில் போய்க் காட்டினேன். மோட்டச் சைக்கிளில் வைத்து நடந்திருந்தால் இதை எழுத ஆள் இல்லை.

அங்கிருந்து கொழும்புக்கு அனுப்பினார்கள். தலையில் இருந்து கால் வரை வயர் ஒட்டி ஒரு இரவு படுக்க வைத்தார்கள். மணித்தியாலத்துக்கு 38 தரம் மூச்சு நின்றோ குறைந்தோ போகிறது என்று முடிவு வந்தது. 5க்குக் கீழே என்றால் பிரச்சினை இல்லை, 15 வரை லேசு, 30 வரை நடுத்தரம், அதற்கு மேலே கடுமை. என்னுடைய 38, பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்துக்கு எடுத்த புள்ளியை விடக் கூட.

டொக்டர் படம் கீறி விளங்கப்படுத்தினார். நான் எனக்கு விளங்கின மாதிரிச் சொல்கிறேன். பம்பின் உறிஞ்சுகிற பக்கத்துக்கு வரி போட்ட கெட்டிக் குழாய்தான் போட வேண்டும். காசை மிச்சம் பிடிக்கிறோம் என்று தண்ணீர் விடுகிற பக்கத்துத் தட்டையான ஓஸை உறிஞ்சுகிற பக்கத்தில் மாட்டினால், மோட்டர் இழுக்க இழுக்க ஓஸ் சப்பளிந்து ஒட்டிக்கொள்ளும். ஒரு துளி ஏறாது. நித்திரையில் என் தொண்டை அந்த ஓஸ். தசை தளர்ந்து கிடக்கிறது, நெஞ்சு இழுக்கிறது, குழாய் ஒட்டிக்கொள்கிறது. சீபாப் செய்வது ஒன்றுதான்: உள்ளே இருந்து கொஞ்சம் காற்றமுக்கம் கொடுத்து ஓஸ் சப்பளியாமல் பிடித்துக்கொள்வது. ஒட்சிசன் ஒன்றும் வருவதில்லை. எங்கள் அறைக்குள் இருக்கிற அதே காற்றுத்தான். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் “ஒட்சிசன் மெசினாம்” என்று ஊருக்குள் சொல்லி, இரண்டு பேர் பழங்களோடு என்னைப் பார்க்க வந்தும் விட்டார்கள்.

சிட்னியில் கொலின் சலிவன் என்கிற டொக்டர் 1980இல் இதை முதன்முதலில் ஒரு நோயாளிக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார். தொடக்க காலத்தில் வக்கூம் கிளீனர் மோட்டரைக் கொண்டு காற்றை ஊதிவிட்டு, மாஸ்க்கை ஒவ்வொரு இரவும் மூக்கோடு பசை வைத்து ஒட்டினார்களாம். என் தொழில் பார்க்கிறவனுக்கு அவரைப் பிடிக்காமல் போகாது.

மெசினை ரொறன்ரோவில் இருக்கும் அத்தான் அனுப்பினார். அவருக்கும் இதே வருத்தம். புதிது எடுத்தபோது பழையதை வடிவாகத் துடைத்து, புது ஓஸும் தூசி பிடிக்கிற புது வடியும் போட்டு ஒரு ஆளிடம் கொடுத்துவிட்டார். கம்பனியின் பெயரை எழுதவில்லை. அநேகமான கம்பனிகளின் மெசினிலும் இந்த மாதிரிச் செற்றிங்குகள்தான், பெயர் மட்டும் வேறு. பழைய மெசின் எடுக்கிறவர்கள் ஒன்று பாருங்கள்: 2021 ஜூனில் பிலிப்ஸ் கம்பனி தன் மெசின்களில் பல மாதிரிகளைத் திருப்பி அழைத்தது. சத்தம் குறைக்க உள்ளே வைத்த பஞ்சு உக்கி மூச்சுப் பாதைக்குள் போகலாம் என்பது காரணம். உறவுக்காரர் அன்போடு அனுப்புகிறார் என்று அந்தக் காலத்து மெசினைக் கண்ணை மூடி வாங்கவேண்டாம். மாதிரி இலக்கத்தைத் தேடிப் பாருங்கள். மற்றது, கனடாவில் கரண்ட் 120 வோல்ட். அடப்ரரில் 100–240 என்று அடித்திருந்தால் பயமில்லை, பிளக்கை மாற்றினால் சரி. என்னுடையதில் இருந்தது.

மாஸ்க் மட்டும் கொழும்பில் ஒரு கடையில் எடுத்தேன். முகத்தை அளக்காமலே மூக்கும் வாயும் மூடுகிற பெரிய சைஸைத் தந்தார்கள். அமுக்கம் எவ்வளவில் வைக்கிறது என்று கேட்டேன். “அது ஓட்டோ ஐயா, தானே பார்த்துக்கொள்ளும்” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார். ஓட்டோதான். சந்தியில் நிற்கிற ஓட்டோவிலும் ஏறி இருந்து இடம் சொல்லாவிட்டால் ஊரைச் சுற்றித்தான் காட்டும்.

மெசின் 4இல் இருந்து 20 வரை என்று கிடந்தது. பெட்டியில் இருந்து வரும்போது இருக்கிற எண் அதுதான். அது யாருக்கும் அளவு எடுத்துத் தைத்த சட்டை அல்ல, சீலைத் துணி. அலகு சென்ரிமீற்றர் தண்ணீர், அதாவது அத்தனை சென்ரிமீற்றர் உயரத்துக்குத் தண்ணீரைத் தள்ளி நிறுத்துகிற அமுக்கம். குறைந்தது 4, கூடினது 20, இடையில் மெசின் தன் பாட்டில் ஏறி இறங்கும்.

முதல் இரவு எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். மாஸ்க்கைப் போட்டு நுளம்பு வலைக்குள் படுத்தேன். (மலேரியா இலங்கையில் இல்லை என்று 2016இல் அறிவித்தாயிற்று, எங்கள் ஊர் நுளம்புக்கு அந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை.) 4இல் காற்று வருகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. தலையணை உறைக்குள் முகத்தை வைத்து மூச்சு விடுகிற மாதிரி. அதோடு ‘ராம்ப்’ என்று ஒன்று, நித்திரை வருமட்டும் அமுக்கத்தைக் குறைவாக வைத்திருந்து மெல்ல ஏற்றுகிற வசதி, 45 நிமிடத்தில் கிடந்தது. என் வசதிக்கு என்று வைத்தது, 45 நிமிடமும் காற்றுக்கு ஏங்கிக்கொண்டு முழித்துக் கிடக்க வைத்தது. ஒருமாதிரிக் கண் அயர்ந்த பிறகு மறுபக்கம். மாஸ்க் பெரிது, கன்னத்தில் ஒழுகுகிறது, வாயும் திறக்கிறது. மெசின் ஏறிக்கொண்டே போயிருக்கிறது. இரண்டு மணிக்கு முழித்தபோது திரையில் 17. கண்ணுக்குள் காற்று அடிக்கிறது, வயிறு பறை மாதிரி. காற்றை விழுங்கியிருக்கிறேன். அந்த ஏப்பத்தை மனுசி இன்னும் சொல்லிச் சிரிப்பாள்.

அடுத்த இரண்டு கிழமையும் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் போட்டதில்லை. போட்ட அளவுக்கு எல்லாம் மெசினுக்குள் இருக்கிற சின்ன கார்ட்டில் பதிவாகும். அதைக் கழற்றி யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்த தொழில்நுட்பப் பிள்ளை, என் மகளின் வயதுதான் இருக்கும், கொம்பியூட்டரில் போட்டுப் பார்த்தார். நான் அமுக்கத்தைக் குறைக்கச் சொல்லித்தான் கேட்கப் போனேன்.

“அங்கிள், அமுக்கத்தைப் பிறகு பார்ப்பம். ஒழுக்குத்தான் கூட. முதல்ல மாஸ்க்கைப் பார்ப்பம்.”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தண்ணீர் ஏறவில்லை என்று பம்பைத் தூக்கிக்கொண்டு வருகிற ஒவ்வொருவனுக்கும் நான் முப்பது வருடமாகச் சொல்லுகிற வசனம் அது. மோட்டரைக் குறை சொல்லாதே, முதலில் எங்கே காற்று இழுக்குது என்று பார். என் மூக்கில் வந்தபோது நானும் மோட்டரைத்தான் குறை சொன்னேன்.

மூக்கை மட்டும் மூடுகிற நடுத்தர மாஸ்க்கை அவர் அங்கேயே போட்டுப் பார்க்க வைத்தார். இருந்தபடி அல்ல, கட்டிலில் படுக்க வைத்து. இருக்கும்போது ஒட்டி நிற்கிற மாஸ்க் படுத்ததும் கன்னத் தசை சரிந்து இடம் விடும். வாரை இறுக்கவும் விடவில்லை. இறுக்கினால் இறப்பர் மடிந்து இன்னும் ஒழுகுமாம், வாசர் மாதிரியே. வாய் திறக்காமல் இருக்க நாடிக்கு ஒரு பட்டி தந்தார். அதைப் போட்டால் பல்லுக்குத்து வந்தவன் மாதிரி இருக்கும், பேரனுக்குச் சரியான புளுகம்.

பிறகுதான் எண்கள். பதிவின்படி, என் தொண்டையைத் திறந்து வைக்க அநேகமான நேரம் 11க்குள் போதும். ஓட்டோ மெசின் தொண்டை ஒடுங்கவோ அடைக்கவோ தொடங்கின பிறகுதான் ஏறும். 4இல் தொடங்கினால் 11க்குப் போய்ச் சேருமுன் பல தரம் அடைத்திருக்கலாம். ஆகவே அடி எண்ணைத் தேவைக்குக் கிட்டக் கொண்டுவந்து வைப்பது. பம்பு ஓடத் தொடங்குமுன் குழாய்க்குள் தண்ணீர் வார்க்கிறோமே, அதுபோல. டொக்டரைக் கேட்டு 7இல் இருந்து 13 வரை வைத்தார்கள். ராம்ப் தொடக்கம் 6, நித்திரையானதை மெசினே கண்டுபிடித்து ஏறுகிற மாதிரி. மேல் எண்ணை 13இல் நிறுத்தியது வயிற்றுக்காக.

அன்று இரவு 6இல் படுத்தபோது காற்று மூக்கில் வந்து முட்டியது. முட்டினால்தான் நிம்மதி என்பது எனக்குப் புதினமாக இருந்தது. குறைந்த அமுக்கம் சுகம் என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனியுங்கள். என்னை மூச்சுத் திணற வைத்தது 17 அல்ல, 4.

மூச்சு வெளியே விடும்போது மட்டும் அமுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்துகிற வசதி ஒன்றும் உண்டு. 1, 2, 3 என்று மூன்று படி. 2இல் வைத்துத் தந்தார்கள். சுகமாக இருந்தது. சுகம் கண்டவன் சும்மா இருப்பானா? அது நோயாளி தொடக்கூடிய மெனுவிலேயே இருந்தபடியால் 3க்கு ஏற்றினேன். இன்னும் பஞ்சு மாதிரி. காலையில் திரையைப் பார்த்தால், மணித்தியாலத்துக்கு எத்தனை தரம் மூச்சு தடைப்பட்டது என்கிற கணக்கு 4இல் நின்றது 9க்கு ஏறியிருக்கிறது. யோசித்துப் பார்க்க விளங்கியது: அடி 7, வெளியே விடும்போது 3 குறைந்தால் அந்த நேரம் தொண்டைக்குள் 4தான். ஓஸ் திரும்பச் சப்பளிகிறது. அடுத்த கிளினிக்கில் அடியை 8 ஆக்கி, தளர்வை 2க்கே கொண்டுவந்தார்கள். இப்போது கணக்கு 2க்கும் 3க்கும் இடையில். 38இல் இருந்து.

அடி எண், மேல் எண் மாற்றுகிற மெனு ஒளித்துத்தான் இருக்கும். அதைத் திறக்கிற வழி இணையத்தில் கிடக்கிறது, நான் எழுதமாட்டேன். அமுக்கம் தேவைக்கு மேல் போனால் சிலருக்குத் தொண்டை திறந்திருக்கும்போதே மூளை மூச்சு விடச் சொல்ல மறந்துவிடுமாம். அது வேறு வகைத் தடை. மெசினைக் கூட்டினால் அதுவும் கூடும். கார்ட்டைப் பார்க்கத் தெரிந்த ஒருவர் இல்லாமல் அந்த எண்களில் கை வைக்காதீர்கள்.

இதைச் சொல்லிவிட்டு நான் செய்த ஒரு வேலையையும் சொல்ல வேண்டும். அத்தானின் மெசின் ஐந்து வருடம் ஓடினது. திரையில் காட்டுகிற 10 உண்மையில் 10தானா என்று எனக்கு நித்திரை வரவில்லை. கிளினிக்கில் ஒருநாள் சோதனைக்காக அதை 10இல் நிலையாக நிறுத்தியபோது கேட்டேன், “பிள்ளை, ஒரு பத்து நிமிசம் தாங்கோ.” மேசன்மார் மட்டம் பார்க்கிற கண்ணாடி ரியூப்பில் நாலடி வெட்டிக் கொண்டுபோயிருந்தேன். ‘ப’ எழுத்து மாதிரி மடித்து ஒரு பலகையில் கட்டி, உடுப்புக்குப் போடும் நீலம் கரைத்த தண்ணீரைப் பாதிக்கு விட்டேன். பழைய பெரிய மாஸ்க்கின் பக்கத்தில் மூடி போட்ட சின்னத் துளை ஒன்று இருக்கிறது, அதில் ஒரு முனையைச் செருகி, மாஸ்க்கைக் கையால் முகத்தோடு அமத்திப் பிடித்துக்கொண்டு மெசினைப் போட்டேன். நீலத் தண்ணீர் ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் ஏறி நின்றது. இரண்டு மட்டத்துக்கும் இடையில் அடிமட்டம் வைத்து அளந்தேன். 10க்கு ஒரு நூல் குறைவு. மூச்சை இழுக்கச் சற்று இறங்கியது, விட ஏறியது. தளர்வை 2இல் போட்டதும், மூச்சு விடுகிற ஒவ்வொரு முறையும் தண்ணீர் 8க்கு இறங்கித் திரும்ப 10க்கு வந்தது. கண்ணுக்கு முன்னால் என் மூச்சு நீல நிறத்தில் ஏறி இறங்குகிறது. அந்தப் பிள்ளை கைபேசியில் படம் எடுத்தார்.

அரைச் சாண் தண்ணீர்! நான் திருத்திக் கொடுக்கிற சாதாரணப் பம்பு அறுபது அடிக்குத் தண்ணீர் தூக்கும். ஒரு மனுசன் சாகாமல் விடியுமட்டும் கிடக்க அரைச் சாண் போதுமாக இருக்கிறது.

தண்ணீர் என்றதும் நினைவுக்கு வருகிறது: காற்றை ஈரமாக்கும் தொட்டி. வன்னிக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்து விட்டேன், ஒரு கிழமையில் கேத்திலுக்குள் படிகிற அதே வெள்ளைச் சுண்ணாம்பு தொட்டியின் அடியில். வினாகிரி கலந்த தண்ணீரில் ஊறவைத்துக் கழுவ வேண்டி வந்தது. காய்ச்சி வடித்த தண்ணீர்தான் சரி, பார்மசியில் எடுக்கிறேன். பற்றரிக் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒருவர் கேட்டார். அந்தப் போத்தலில் முந்தி அசிட் இருந்ததா என்று எனக்கும் தெரியாது, கடைக்காரனுக்கும் தெரியாது.

பங்குனி, சித்திரையில் தொட்டியின் சூட்டை முழுதாக நிறுத்திவிடுவேன். இந்த வெக்கைக்குள் வெந்நீர்க் காற்று யாருக்கு வேண்டும். மார்கழியில் வேறு கதை. பனி இறங்கும்போது ஓஸுக்குள் ஈரம் நீராகித் தேங்கி, மூன்று மணிக்கு மூக்குக்குள் சளார் என்று அடித்தது. கனவில் இரணைமடுக் குளம் வான் பாய்ந்தது. மெசினைக் கட்டிலை விடப் பதிவான ஸ்ரூலில் வைத்து, ஓஸைப் போர்வைக்குள்ளால் கொண்டுவந்து, ஈரத்தை இரண்டு படி குறைத்த பிறகு அது நின்றது. வடி ஆறு மாதம் பாவிக்கலாம் என்கிறார்கள். சோளகக் காற்று அடிக்கும் காலத்தில் ஏ9 ஓரத்தில் இருந்து பாருங்கள். எனக்கு ஒரு மாதத்தில் செங்கட்டி நிறம்.

கரண்ட் விசயம். 2022 போல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டினால் இந்த மெசின் வெறும் பெட்டிதான். 2025 பெப்ரவரி 9ஆம் தேதி பாணந்துறையில் ஒரு குரங்கு துணை மின்நிலையத்துக்குள் ஏறி நாடு முழுக்க இருண்டது நினைவிருக்கும். அன்று இரவுக்கிடையில் கரண்ட் வந்துவிட்டது, ஆனால் அடுத்தடுத்த நாட்களில் ஒன்றரை மணித்தியால வெட்டுகளும் வந்தன. மெசின் 24 வோல்ட் கேட்கும். 12ஐ 24 ஆக்குகிற கன்வேட்டர் ஒன்றைப் போட்டு 35 அம்பியர்-மணி பற்றரியில் கொழுவினேன். ஈரத்தொட்டியின் சூட்டை நிறுத்திவிட்டால் இழுவை பாதிக்கும் கீழே. ஒரு முழு இரவு ஓடியும் பற்றரியில் மிச்சம் இருந்தது. சூட்டோடு ஓடவிட்டால் விடியுமுன் படுத்துவிடும்.

புள்ளி போடச் சொன்னால், மெசினுக்கு ஐந்துக்கு நாலரை. சத்தம் மிகக் குறைவு; மனுசி முதல் கிழமை என் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தாளாம், இவ்வளவு அமைதியாகக் கிடக்கிறேனே என்று. யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு ஐந்துக்கு ஆறு. மாஸ்க்குக்கு இரண்டரைதான். மூக்கில் ஒட்டுகிற சிலிக்கன் ஆறேழு மாதத்தில் தளர்ந்துவிட்டது, தனியாக அது இங்கே ஒரு கடையிலும் இல்லை. அத்தான் அடுத்ததாக வருகிற ஆளிடம் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். அதுவரைக்கும் பொறுக்காமல், சைக்கிள் ரியூப்பில் அதே அளவுக்கு ஒரு வாசர் வெட்டிப் பொருத்திப் பார்த்தேன். ஒழுக்கு நின்றது. ஆனால் இரவு முழுக்க அரைச் சாண் அமுக்கத்தில் இறப்பர் மணம். விடிய எழும்பிப் பார்க்க மாஸ்க் மேசையில் கிடந்தது, வாசரைக் காணவில்லை. மனுசி அடுப்படியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். அடுப்பில் கருகின மணம்.